உரலை எடுத்துவிட்டு உடும்பை வைத்த கதை

"உரல்னா என்ன தாத்தா?"

பேத்திக்கு 5 வயது. சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு புளோக் தள்ளி, கீழ்த்தளத்தில் இருக்கும் பாலர் பள்ளிக்குப் போகிறாள். மகளும் மருமகனும் வேலை முடிந்து வர ஏழு, ஏழரை ஆகிவிடும். அதுவரை அவள் என் பொறுப்பு. அன்று பள்ளிப் பையை ஒரு மூலையில் வீசிவிட்டு, யாரோ கொடுத்த அரிச்சுவடி ஒன்றைத் தரையில் விரித்துக் குப்புறப் படுத்திருந்தாள். உ - உரல்.

"நெல்லு குத்துறது கண்ணு."

"நெல்லுன்னா?"

"அரிசிக்கு முந்தி இருக்கறது."

"குத்துறதுன்னா? பன்ச்சா?"

அரை மணி நேரம் போராடிப் பார்த்தேன். கடைசியில் "அது மிக்ஸிக்குப் பாட்டி" என்று முடித்தேன். அவள் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப மிக்ஸியே போட்டிருக்கலாமே."

கேள்வி நியாயமானதுதான். நானே உரலைக் கடைசியாகப் பார்த்தது சின்ன வயதில், செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்பில். வீட்டுக்குப் பின்னால் மழையில் நனைந்துகொண்டு கிடக்கும். அதில் யாரும் எதையும் குத்தி நான் பார்த்ததில்லை. கோழிக்குத் தண்ணீர் வைத்திருப்பார்கள். எனக்கே அப்படி என்றால், பத்தாவது மாடியில் பிறந்து வளரும் பிள்ளைக்கு உரலைக் காட்டி உகரம் சொல்லித் தருவது எந்த ஊர் நியாயம்?

மகள் தன் பங்குக்கு டேப்லெட்டில் ஒரு எழுத்து விளையாட்டை இறக்கிக் கொடுத்திருந்தாள். பெயர் வேண்டாம். அதிலும் உ - உரல்தான். கூடவே பலூன், தங்கக்காசு, கைதட்டல், நாலு எழுத்துக்கு ஒரு விளம்பரம். பேத்தி எழுத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எதைத் தொட்டாலும் எப்படியும் ஒரு பலூன் வெடிக்கும், அது போதும் அவளுக்கு. ஒரு வாரம் விளையாடிய பிறகு "இது என்ன எழுத்து?" என்று ஈகாரத்தைக் காட்டினேன். "நூறு காயின்" என்றாள்.

சரி, நாமே ஒன்று செய்துவிடலாம் என்று தோன்றியது அன்றைக்குத்தான்.

எனக்கு 64 வயது. 31 வருஷம் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை. கணினிக்கும் எனக்கும் இருந்த உறவு சம்பளச் சீட்டோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு, 2016இலிருந்து 25 வயது நிரம்பிய எல்லாச் சிங்கப்பூரர்களுக்கும் திறன் பயிற்சிக்காக அரசாங்கம் கொடுத்த அந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி சும்மா கிடக்கிறதே என்று ஓர் அடிப்படை வகுப்புக்குப் போனேன். மவுஸ் பிடிக்கவும், கோப்பை எங்கே சேமித்தோம் என்று தேடவும் கற்றுக்கொண்டேன். தேடுவதில் இன்றைக்கும் நான் கெட்டிக்காரன்.

விளையாட்டு செய்யக் கற்றுக்கொடுத்தது எதிர்வீட்டுச் சீனப் பையன். தொடக்கநிலை ஆறு படிக்கிறான். இங்கே தொடக்கநிலை மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு 2020 முதல் நிரல் எழுதக் கற்றுத்தரும் 'கோட் ஃபார் ஃபன்' வகுப்பு கட்டாயம். அதனால் அவனுக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. "அங்கிள், ஸ்க்ராட்ச் யூஸ் பண்ணுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லி, மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

ஸ்க்ராட்ச் என்பது அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வுக்கூடத்தில் மிட்செல் ரெஸ்னிக் என்பவரின் குழு உருவாக்கி, 2007இல் எல்லாருக்கும் திறந்துவிட்டது. காசு கிடையாது. நிரலை எழுத வேண்டியதில்லை. வண்ண வண்ணக் கட்டைகளை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோக்க வேண்டும், அவ்வளவுதான். நகர்த்த நீலக் கட்டை, 'இப்படி ஆனால் அப்படிச் செய்' என்பதற்கு ஆரஞ்சுக் கட்டை. பொருந்துகிற கட்டைதான் ஒட்டும், பொருந்தாதது ஒட்டவே ஒட்டாது. வாழ்நாள் முழுக்கத் தகடுகளை ஒட்டியவனுக்கு இது பிடிக்காமல் போகுமா? 8 வயது முதல் 16 வயது வரையானவர்களுக்கு என்று போட்டிருந்தது. 16ஐத் திருப்பிப் போட்டால் 61. எனக்கு அதிலும் மூன்று கூடுதல்.

முதல் திட்டம் கொஞ்சம் பேராசை. ஒரு படம் வரும், அதன் பெயரில் உள்ள எழுத்துகள் கலைந்து கிடக்கும், பிள்ளை அவற்றை அடுக்க வேண்டும். ஒரு சொல்லின் இத்தனையாவது எழுத்தைக் கொடு என்று கேட்க ஸ்க்ராட்சில் ஒரு பச்சைக் கட்டை இருக்கிறது. 'மரம்' என்று போட்டேன். திரையில் ம, ர, ம என்று மூன்று வந்தன. நாலாவதாக ஒரு புள்ளி, புள்ளிக் கோட்டாலான ஒரு வட்டத்தின் தலையில் உட்கார்ந்துகொண்டு வந்தது. பேத்தி எட்டிப் பார்த்து "ஒண்டே ஒண்டே!" என்றாள். தேங்காய்ப்பூ ஒட்டிய அந்தப் பச்சை உருண்டைப் பலகாரம் மாதிரியேதான் இருந்தது.

எதிர்வீட்டுப் பையனுக்குத் தமிழ் தெரியாது. அவன்தான் கண்டுபிடித்தான். 'மரம்' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று கணினியைக் கேட்டான். 4 என்றது. "அங்கிள், உங்களுக்கு எத்தனை?" மூன்று என்றேன். யானையைக் கேட்டோம். நமக்கு யா, னை என்று இரண்டு எழுத்து. கணினிக்கு 4. கொக்கு நமக்கு மூன்று, அதற்கு 6. விஷயம் இதுதான்: கணினி எழுத்துகளை வைத்துக்கொள்ளும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் இல்லை. உயிரெழுத்து, அகரமேறிய மெய், அப்புறம் காலும் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனி. இவற்றைச் சேர்த்துச் சேர்த்துத்தான் யா, னை, கொ எல்லாம் திரையில் வருகின்றன. சேர்ந்து நிற்கும்போது அழகாக இருக்கும். வெட்டச் சொன்னால் கால் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். பற்றவைத்த இடத்திலேயே வெட்டுகிற மாதிரி. நமக்கு 'யா' ஒரே எழுத்து என்று அந்தக் கட்டைக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

வேறு வழி இருக்கிறது என்று பையன் சொன்னான். எழுத்துகளை நடுவில் கோடு போட்டு நாமே பிரித்துத் தட்டச்சு செய்து, பட்டியலாக வைத்துக்கொள்ளலாமாம். எனக்குப் பொறுமை இல்லை. பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கம் தடித்த கறுப்பு மார்க்கரால் 12 உயிரெழுத்தையும் ஓர் ஆய்தத்தையும் எழுதி, படம் பிடித்து ஏற்றிவிட்டேன். சொல் அடுக்கும் திட்டம் போயே போய்விட்டது. ஓர் எழுத்து வரும், அதைச் சொல்லும் குரல் வரும், கீழே மூன்று படம், சரியான படத்தைத் தொட வேண்டும். அவ்வளவுதான். என் கையெழுத்தில் உகரம் கொஞ்சம் படுத்திருக்கும். இப்போது பேத்தி எழுதுகிற உகரமும் அதே பக்கம்தான் படுக்கிறது. மகளுக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை.

படங்களுக்குச் சொல் தேடியதில்தான் வீட்டில் உண்மையான சண்டை. நான் வைத்த விதி ஒன்றே ஒன்று. பேத்தி கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். அணில் இங்கே மரத்துக்கு மரம் ஓடுகிறது, ஆமை ஈசூன் குளத்தில் தலையை நீட்டுகிறது, எறும்பைச் சொல்லவே வேண்டாம். உரலை எடுத்துவிட்டு உடும்பை வைத்தேன். கால்வாய் ஓரம் காலை நடை போகிறவர்களுக்கெல்லாம் தெரிந்தவர் அவர். ஊரில் உடும்பென்றால் வேறு வகை. இங்கே தண்ணீரில் நீந்திப் போகும் நீருடும்பு. சுங்கை பூலோ சதுப்புநிலம் பக்கம் போனால் நம் நீளத்துக்குப் படுத்திருக்கும். ஒருமுறை நடைபாதையை அது கடந்து முடிக்கும்வரை பேத்தி என் விரலை விடவில்லை. உடும்புப் பிடி என்றால் என்ன என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரிந்தது.

ஈகாரத்துக்கு எல்லாப் புத்தகத்திலும் ஈதான். "ஈசூன்!" என்றாள் இவள். ஊர்ப்பெயரை அரிச்சுவடியில் வைக்கலாமா என்று யோசித்தேன். பாலர் பள்ளி, வீடு, நீச்சல் குளம், அவள் உலகம் மொத்தமும் அங்கேதானே இருக்கிறது. எம்ஆர்டி ரயில் நிலையத்தைப் படம் பிடித்துப் போட்டேன். ஒகரத்துக்கு ஒட்டகச்சிவிங்கி. மண்டாய் விலங்குத் தோட்டத்தில் பார்த்திருக்கிறாள். ஏகாரத்துக்கு ஏழு என்று வைத்திருந்தேன். பதிவு செய்த என் குரலைக் கேட்ட மகள், "அப்பா, 'ஏளு'ன்னு சொல்றீங்க" என்றாள். மறுத்துப் பேசவில்லை. அதை ஏணி ஆக்கிவிட்டேன். ஔகாரத்துக்கு ஔவையாரை விட்டால் யார் இருக்கிறார்கள், விதியைத் தளர்த்திக்கொண்டேன்.

ஆய்தம் மட்டும் எனக்கே எனக்கு. எஃகு.

எல்லாரும் எஃகு என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவார்கள், ஏதோ ஆய்தத்துக்காகவே உண்டாக்கிய சொல் மாதிரி. நான் பிழைத்ததே அதில்தான். பேத்தியை உட்காரவைத்துச் சொன்னேன். இரண்டு தகடுகளை ஒட்டுவதற்கு முன்னால், அசையாமல் இருக்க அங்கங்கே சின்னச் சின்னப் பொட்டாகப் பற்றவைப்போம். 'டேக் போடறது' என்போம். அந்தப் பொட்டுகள் பிடித்துக்கொண்ட பிறகுதான் முழு நீளத்துக்கும் பற்றவைப்பது. ஃ என்ற எழுத்து எனக்கு எப்போதும் மூன்று டேக் போட்ட மாதிரிதான் தெரியும். அவள் சமையலறைக்குள் ஓடி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து, "இதுல டேக் எங்க?" என்றாள். படத்துக்கு நான் வைத்திருந்தது ஒரு கப்பல். அவள் பேச்சைக் கேட்டுக் கரண்டியையும் பக்கத்தில் வைத்தேன்.

ஒருவழியாகச் செய்து முடித்து, பெருமையாக முழுத்திரையில் திறந்து அவளிடம் கொடுத்தேன். எதுவும் அசையவில்லை. அப்போதெல்லாம் படத்தை இழுத்துக்கொண்டுபோய் எழுத்தின் மேல் போட வேண்டும் என்று வைத்திருந்தேன். எனக்கு நன்றாக இழுபட்டது, அவளுக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. மவுஸைத் துடைத்தேன், மின்கலத்தை மாற்றினேன். மறுநாள் பையன் வந்து சிரித்தான். செய்கிற இடத்தில் எதையும் இழுக்கலாம். முழுத்திரையில் விளையாடும்போது, 'இதை இழுக்கலாம்' என்று ஒரு வெளிர்நீலக் கட்டை போட்டுச் சொன்னால்தான் இழுபடும். போட்டோம், இழுபட்டது. ஆனால் 5 வயதுப் பிள்ளையின் விரல், பொத்தானை அழுத்தியபடியே மவுஸை நகர்த்தப் படும் பாட்டைப் பார்த்துவிட்டு, இழுக்கிறதே வேண்டாம், தொட்டால் போதும் என்று மாற்றினேன். தொட்டால் போதும் என்றதும் மரங்கொத்தி மாதிரி தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒலி முதலிலிருந்து தொடங்கும். "ஆ ஆ ஆ ஆ ஆமை" என்று மடிக்கணினி திக்கியது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, அதுக்கு என்ன ஆச்சு?" என்றாள்.

இதெல்லாம் சில்லறைச் சிக்கல். பெரிய சிக்கல் 'ஐயோ'.

தப்பான படத்தைத் தொட்டால் ஏதாவது சத்தம் வர வேண்டுமே என்று, என் குரலிலேயே "ஐயோ!" என்று ஒன்றைப் பதிவு செய்து வைத்திருந்தேன். கொஞ்சம் மனம்விட்டுச் சொல்லியிருப்பேன் போல. பட்டறையில் தலைக்கு மேல் சங்கிலி நழுவினால் எப்படிக் கத்துவோமோ அப்படி. சரியான படத்துக்கு மனைவியின் குரலில் "கெட்டிக்காரி". முதல் நாள் பேத்தி ஏழெட்டு முறை சரியாகத் தொட்டாள். ஒருமுறை கை தவறி உகரத்துக்கு ஊஞ்சலைத் தொட்டுவிட்டாள். "ஐயோ!" உருண்டு உருண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு சரியான விடையே வரவில்லை. அகரத்துக்கு ஆமை, ஈகாரத்துக்கு எறும்பு, எதற்கெடுத்தாலும் ஐயோ. இரண்டு நாள் இப்படியே போனது. மனைவிக்குக் கலக்கம். "தெரிஞ்சதும் மறந்து போச்சே இவளுக்கு. உங்க விளையாட்டை மூட்டை கட்டுங்க." எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. மகளும் மருமகனும் அவர்களுக்குள் பேசுவது ஆங்கிலம், பிள்ளையோடு பேசுவதும் அதுவே. வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்னவர்கள் 2010 கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. அந்தக் கரைந்த தசமத்தில் என் மகள் வீடும் சேர்த்தி. பேத்திக்குத் தமிழ் என்றால் பள்ளி விட்டதிலிருந்து ஏழு மணி வரை நாங்கள் இரண்டு பேர்தான். அதையும் நான் ஐயோ போட்டுக் கெடுத்துவிட்டேனா?

மூன்றாம் நாள், திரையைப் பார்க்காமல் அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். எழுத்து வந்ததும் கண் நேராகச் சரியான படத்துக்குப் போகிறது. ஒரு நொடி அங்கே நிற்கிறது. அப்புறம்தான் கை வேண்டுமென்றே வேறு படத்துக்குப் போகிறது. மூன்று படத்தில் தப்பான இரண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, இரண்டு ஐயோவையும் வாங்கிக்கொண்டு, கடைசியாகச் சரியானதைத் தொடுகிறாள். சரியான விடை தெரியாதவளால் இப்படி ஒருமுறைகூட விடாமல் அதைத் தவிர்க்க முடியுமா? கள்ளி.

நான் வைத்த விளையாட்டு வேறு, அவள் விளையாடியது வேறு. சரியாகச் சொன்னால் கிடைப்பது பாட்டியின் ஒரு அமைதியான சொல். தப்பாகச் சொன்னால் தாத்தா கத்துகிறார். 5 வயதில் நீங்கள் எதைத் தொடுவீர்கள்?

அந்த டேப்லெட்டுக்காரர்கள் செய்த தப்பையே நானும் வேறு வழியில் செய்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஐயோவை எடுத்தேன். இப்போது ஊஞ்சலைத் தொட்டால் "இது ஊஞ்சல்" என்று மட்டும் சாதாரணமாகச் சொல்லும். கோபமும் இல்லை, பாராட்டும் இல்லை. உகரத்துக்கு ஊஞ்சல் எப்படி வரவில்லை என்பது காதில் விழும், அது போதும். கெட்டிக்காரியையும் எடுத்துவிட்டேன். சரியான படத்தைத் தொட்டால் அந்தப் படம் ஏதாவது செய்யும். உடும்பு நாக்கை நீட்டும், ரயில் கிளம்பிப் போகும். மதிப்பெண், கடிகாரம், தோல்வி எதுவும் கிடையாது. 13 எழுத்து முடிந்தால் ஆட்டமும் முடிந்தது, பத்து நிமிஷம்கூட ஆகாது. 18 மாதம் முதல் 6 வயது வரையான பிள்ளைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணிக்குள் இருக்க வேண்டும் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது, மகள் அதில் ரொம்பக் கறார். எனக்கு அந்தக் கவலை விட்டது.

பேத்திக்குத்தான் கோபம். "ஐயோ எங்க? தாத்தா, நாட் ஃபேர்!"

இரண்டு நாள் அவள் மடிக்கணினிப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, ஐகாரத்துக்கு என்ன படம் என்று கேட்டாள். அங்கேதான் இழுபறி நடந்துகொண்டிருந்தது. புத்தகத்தில் ஐவர். ஐந்து ஆட்களைத் தொப்பி போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள், அவள் 'பீப்பள்' என்று படித்தாள். மருமகன் ஐஸ்கிரீம் என்றார். ரொட்டியில் வைத்துக் கொடுப்பார்களே, அந்தப் படத்தையும் கொண்டுவந்தார். தமிழ்ச் சொல்லாக இருக்கட்டும் என்று மனைவி. ஐந்து விரல் படம் போதும் என்று நான்.

"ஐ, ஐயோ" என்றாள் பேத்தி.

யாரும் பேசவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைவிடத் தமிழான சொல் எது? அரிச்சுவடிக்காக மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லாத சொல். இந்த வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை காதில் விழுகிறது. என் விதிப்படியும் சரி, அவள் கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நான் நின்றேன், பேத்தி படம் பிடித்தாள். பழைய ஒலியையே எடுத்து அதற்கு மாட்டினேன். 13 எழுத்துக்கு ஒரே ஒரு ஐயோ, அதுவும் சரியாகத் தொட்டால் மட்டும்.

மனைவி விடவில்லை. "விளக்கு வைக்கிற நேரத்துல வீட்டுக்குள்ள ஐயோ ஐயோன்னு கத்தலாமா? ஐயோ எமன் பொண்டாட்டி பேருங்க. எங்கம்மா இருந்தா உங்களை வெளியில நிறுத்தியிருப்பாங்க." 38 வருஷத்தில் இந்த மாதிரி வாதத்தில் நான் ஜெயித்ததில்லை.

ஸ்க்ராட்சில் இப்போது மணி என்ன என்று சொல்லும் ஒரு வெளிர்நீலக் கட்டை இருக்கிறது. பையனைக் கூப்பிடாமல் நானே செய்தேன். மணி 17ஐ விடப் பெரியதாக இருந்தால் ஐந்து விரலும் "ஐந்து" என்ற பாட்டியின் குரலும். இல்லாவிட்டால் தலையில் கை வைத்த தாத்தா. முதல் முயற்சியிலேயே வேலை செய்தது. மனைவி ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு வந்து, தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டாள்.

பேத்திக்கு இன்னும் கடிகாரம் பார்க்க வராது. ஆனால் சின்ன முள் ஆறுக்கு வந்துவிட்டால் தாத்தா கத்த மாட்டார் என்பது மட்டும் தெரிந்துவிட்டது. நேற்று பள்ளியிலிருந்து வரும்போது மின்தூக்கிக்குக் காத்திருந்தோம். என் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். "சின்னது இன்னும் நாலுலதான் இருக்கு தாத்தா. சீக்கிரம்."